தெருமுனையில் விட்டுப்போகும் மைக்

கோவிலம்பாக்கத்தில் சவுரிமுத்துவின் தொண்டைக்கு நல்ல பேர். சிட்டிபாபுவின் மைக்செட் கடையில் வேலை; கல்யாணமோ கருமாதியோ, அறிவிப்பு அவனுடையதுதான். தொண்ணூற்றாறில் பஞ்சாயத்துத் தேர்தல் வந்தது. தலைவர் பதவி பெண்களுக்கு என்றதும் சிட்டிபாபு தன் மனைவி ஜெயக்கொடியை நிற்க வைத்தார். நிற்க இஷ்டமா என்று அந்த அம்மாவை ஒருத்தரும் கேட்கவில்லை.

எதிரே நின்றது கனகவல்லி. சவுரிமுத்துவின் தெருவுக்குத் தண்ணீர்க் குழாய் வரும்வரை ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கியவள். அவளுக்கு எதிராக அதே தெருவில் கத்துவதா? கத்தாவிட்டால் வேலை போகும். பாவம், அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தான். பிரசார ஆட்டோ தன் தெருவுக்குள் நுழைந்ததும், "உங்கள் பொன்னான வாக்குகளை அளிக்க வேண்டிய சின்னம்..." என்று இழுத்து, கட்டைவிரலால் மைக் சுவிட்சை அணைத்தான். ஜெயக்கொடியின் பூட்டு சாவி அவன் வாய்க்குள்ளேயே நின்றுவிட்டது. முதல் நாள் தெரு திருதிருவென்று விழித்தது. மறுநாள் அவன் மனைவி பியூலா குழாயடியிலிருந்து, "ஏணி!" என்று கத்தினாள். ஏணி கனகவல்லியின் சின்னம். அப்புறமென்ன, அவன் வாயை மூடினால் போதும், மொத்தத் தெருவும் கோரஸ் பாடியது.

சேதி சிட்டிபாபு காதுக்குப் போகாமல் இருக்குமா?

"இன்னாடா, உன் தெருவுல மட்டும் மைக்கு பேஜார் பண்ணுதாமே?"

"ஒயர் லூசா கீது அண்ணா."

"நானே வந்து பாக்கறேன்."

கடைசி நாள் அவர் டிரைவர் பக்கத்தில் ஒண்டி உட்கார்ந்தார். பின் சீட்டில் கும்பிட்ட கையோடு ஜெயக்கொடி, பக்கத்தில் சவுரிமுத்து. தெரு வந்தது. அவனுக்கு வியர்த்துக் கொட்டியது. ஆனாலும் விரல் சுவிட்சை அணைத்துவிட்டது.

"ஏணி!" என்றது தெரு.

சிட்டிபாபு திரும்பினார். "ஜெயக்கொடி, பக்கத்துலதானே குந்திகினு கீற? இவன் இன்னா பண்றான், பாரு!"

ஜெயக்கொடி பார்த்தாள். சுவிட்சின் மேல் விரல் அப்படியே இருந்தது. கும்பிட்ட கையைப் பிரித்து, முந்தானையை இழுத்து அந்த விரலை மூடினாள். "ஒயருதான் லூசா கீது" என்றாள்.

கனகவல்லி ஒரே ஒரு ஓட்டில் ஜெயித்தாள். முடிவு வந்த அன்று சிட்டிபாபு, சவுரிமுத்துவை எதிரே வைத்துக்கொண்டு வீட்டுக் கூடத்தில் குதித்தார். பழைய ஒயரையெல்லாம் பிடுங்கி எறிந்தார்.

"ஒயரு போவட்டும்! அந்த ஒரு ஓட்டு யாருது? நம்ம வூட்டு ஓட்டெல்லாம் ஒயுங்கா வுழுந்துச்சா ஜெயக்கொடி?"

ஜெயக்கொடி சவுரிமுத்துவிடம் மோர் டம்ளரை நீட்டினாள். ஓட்டு மை வைத்த தன் விரலை முந்தானையால் மூடிக்கொண்டாள்.

ஒயர் எங்கே விட்டது என்று அவனுக்குப் புரிந்துவிட்டது. சிரிப்பை மோரோடு சேர்த்து விழுங்கினான்.