முகமூடியைக் கழற்றிய லார்வா

எங்கள் ஊரில் தங்க வரும் ஆங்கிலச் சொற்கள், பிறந்த இடத்தையும் பொருளையும் எழுதிக் கொடுத்து இருப்பிடச் சான்று வாங்க வேண்டும். கொடுப்பவன் நான், கிராம நிர்வாக அலுவலர். எந்தச் சொல்லையும் எடுத்த எடுப்பில் நம்பியதில்லை. ‘பஸ்’ஸையே மூன்று முறை திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

லார்வா ஒரு திங்கட்கிழமை வந்தது. கூடவே சின்னபாப்பாவும் வந்தார். பட்டுப்புழு வளர்ப்பவர். அவருடைய கொட்டகையில்தான் அது குடியிருந்தது.

“சீக்கிரம் கையெழுத்துப் போடுங்க சார். இது ஊரைவிட்டுப் போனா புழுவெல்லாம் பின்னாலேயே போயிடும். வெள்ளிக்கிழமை பட்டுக்கூடு குடுக்கலேன்னா கொட்டகையை வேற ஆளுக்கு விட்டுடுவாங்க.”

விண்ணப்பத்தைப் படித்தேன். பிறந்த இடம், லத்தீன். அங்கே பொருள், பேய். முகமூடி என்றும் உண்டு. இங்கே பொருள், பூச்சியின் இளம்புழு.

“பேய்க்குப் புழுகிட்ட என்ன வேலை?”

“ஒரு பூச்சி ஆராய்ச்சியாளர் கூப்பிட்டார், ஐயா. புழு வெறும் முகமூடி, உள்ளே அந்துப்பூச்சி ஒளிந்திருக்கிறது என்றார். வேலைக்குச் சேர்ந்துவிட்டேன்.”

எனக்கு அது சுத்தமாகப் பிடிக்கவில்லை. யோக்கியன் எதற்கு ஒளிய வேண்டும்? போட்டோவில் முகம் முழுக்கத் தெரிய வேண்டும் என்பது விதி. முகமூடியைக் கழற்றச் சொன்னேன்.

“கழற்றினால் திரும்ப மாட்ட முடியாது, ஐயா.”

“எல்லாரும் இப்படித்தான் சொல்வாங்க. கழட்டு.”

கழற்றியது. போட்டோ தெளிவாக வந்தது. முத்திரை குத்திக் கொடுத்தேன்.

அரை மணி நேரத்தில் சின்னபாப்பா திரும்பி வந்தார். கொட்டகையில் இருந்த புழுக்களும் அதே நேரத்தில் கழற்றிவிட்டன. ஒன்றுகூடக் கூடு கட்டவில்லை. அத்தனையும் அந்துப்பூச்சியாக உட்கார்ந்திருந்தன.

“பாவி மனுஷா! எட்டு வருஷமா எலை வெட்டிப் போட்ட கொட்டகை அது.” அழுதபடியே என் மேசைமேல் ஒரு கட்டு மல்பெரி இலையை வைத்தார். “கழட்டச் சொன்னது நீங்க. கூட்டையும் நீங்களே கட்டிக் குடுங்க.”

விதிப் புத்தகத்தைப் புரட்டினேன். அவர் சொன்னது சரிதான். நான்கு நாள் விடுப்பு எழுதிவைத்துவிட்டுக் கொட்டகைக்குப் போய், புழு வளர்க்கும் தட்டில் படுத்தேன்.

இலை லேசாகத் துவர்த்தது. வியாழக்கிழமை மதியம் வாயில் முதல் இழை வந்தது. சின்னபாப்பா அதை விரலில் சுற்றி இழுத்துப் பார்த்தார்.

“அறாம வருது சார். தலையை மட்டும் ஆட்டிக்கிட்டே இருங்க.”

ஆட்டினேன்.

வெள்ளிக்கிழமை கொள்முதல்காரர்கள் இரண்டு பேர் என்னோடு சேர்த்துக் கூட்டைத் தூக்கிக் குலுக்கிப் பார்த்து, நல்ல கூடு என்றார்கள். கொட்டகை சின்னபாப்பாவுக்கே என்று முடிவானது. அப்போது எனக்குள்ளே யாரோ சிறகை உதறினார்கள். சான்று இருக்கிறதா என்று கேட்டேன்.

நாளைக்கு வா என்றார் உள்ளே இருந்தவர்.