‘இருக்கலாம்’ என்ற கட்டம்

ஓசெலின் கோட்டுப் பைகளை வெளியே இழுத்து மோந்து பார்த்துக்கொண்டிருந்தாள் வெர்லீன். நாளைக்கு அடக்கம். செத்துப்போன புருஷனின் துணியில் மோப்பம் பிடிக்கிறவள் உலகத்திலேயே இவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

எல்லாம் அந்தக் காகிதம் செய்த வேலை. அடக்கத்துக்கு ஏற்பாடு செய்கிறவர் நேற்றுக் காலை சரிபார்க்கக் கொடுத்த இறப்புச் சான்றிதழில், சாவுக்குப் புகையிலை காரணமா என்ற கேள்விக்கு நேரே ‘இருக்கலாம்’ என்ற கட்டத்தில் டாக்டர் குறி போட்டிருந்தார். ஓசெலுக்கு ஆஸ்துமா. முப்பத்தெட்டு வருஷத்தில் அவர் ஒரு சிகரெட்டைத் தொட்டு இவள் பார்த்ததில்லை. படுபாவி டாக்டர் என்று முதலில் வைதாள். அப்புறம் சந்தேகம் இவளையே அரிக்க ஆரம்பித்தது. தினமும் சாயங்காலம் தனியாக நடக்கப் போனாரே, எதற்கு? கார், தூண்டில் பெட்டி, ஷூவின் உள்பக்கம், ஒன்றையும் விடாமல் துழாவினாள். ஒன்றும் அகப்படவில்லை. அகப்படாததே சந்தேகமாக இருந்தது.

உடம்புக்குப் போட்டுவிட கோட்டையும் வெள்ளைக் கையுறையையும் வாங்கிப்போக ரூஃபஸ் வந்தார். சர்ச் வாசலில் ஓசெலோடு இருபது வருஷம் நின்று ஜனங்களை உட்காரவைத்தவர். அவரிடமே கேட்டுவிட்டாள்.

“உண்மையச் சொல்லுங்க பிரதர். உங்ககூட இருக்கும்போது ஊதுவாரா?”

ரூஃபஸ் கோட்டை வாங்கி, தொங்கிய பைகளைப் பார்த்தார். ஓக்லாந்து நகரத்தில் வசதியானவர்கள் இருக்கும் மலையோரச் சாலையில் லாரிக்குத் தடை. துறைமுகத்து லாரியெல்லாம் இந்த வீட்டுக் கொல்லைக்குப் பின்னால்தான் புகையைக் கக்கி உறுமிக்கொண்டு போகும். இப்போதும் போய்க்கொண்டிருந்தது.

“மலைப்பக்கத்து வெள்ளைக்காரன் மூச்சு முட்டிச் செத்தா, என்ன காத்து பட்டுச்சுன்னு கேப்பாங்க சிஸ்டர். நம்மள மாதிரி கறுப்பன் செத்தா, எத்தனை பாக்கெட்டுன்னு கேப்பாங்க. இப்ப நீங்களுமா?”

அவளுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. உடனே டாக்டர் ஆபீசுக்குப் போன் போட்டாள். குறியை மாற்றாமல் ஓசெலை மண்ணுக்குள் அனுப்பப்போவதில்லை என்றாள். எடுத்த பெண் தேனொழுகப் பேசினாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, கடைசியில் ஒன்று கேட்டாள்.

“அவர் புகைபிடிக்கலைன்னு எப்படிம்மா அவ்வளவு நிச்சயமாச் சொல்றீங்க?”

முப்பத்தெட்டு வருஷம் கூட வாழ்ந்தேன் என்று சொல்லத்தான் வெர்லீன் வாயெடுத்தாள்.

“வீடு பூரா தேடிப் பாத்துட்டேன்,” என்றாள்.

மறுமுனையில் அந்தப் பெண் அதைத் தட்டச்சு செய்யும் சத்தம் கேட்டது. ரூஃபஸ் நகர்ந்துபோய், அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கொல்லைப்பக்கத்து ஜன்னலைச் சாத்தினார்.