வேகக்காரி

தங்கையைக் கூடத்தில் கிடத்தியதும், அண்ணன் அவள் அறையிலிருந்த கண்ணாடிப் பெட்டிகளைச் சாமான் அறைக்குக் கடத்தத் தொடங்கினார். துக்கத்துக்கு ஆட்கள் வருவதற்குள் எல்லாம் மறைந்தாக வேண்டும். உள்ளங்கை அகல டரான்டுலா சிலந்திகளைப் பிள்ளைபோல் வளர்த்தவள் என்ற பேச்சு அவர் குடும்பத்துக்கு ஆகாது.

"மூடியைப் பிடிச்சுத் தூக்காதீங்க மாமா. அடியில கை கொடுங்க," என்று சொல்லிவிட்டுத் தங்கை மகள் ஒரு பெட்டியோடு முன்னால் போனாள்.

"எனக்குத் தெரியும்."

கடைசிப் பெட்டியை மூடியைப் பிடித்தே தூக்கினார். மூடி கையோடு வந்தது. பழுப்பாக ஏதோ கோடு கிழித்ததுபோல ஓடிக் கதவிடுக்கில் மறைந்தது. யாரும் பார்க்கவில்லை. மூடியை அழுத்திப் பொருத்தி, வெறும் பெட்டியைக் கொண்டுபோய் வைத்தார். சிலந்திக்குப் பயந்து வீட்டுக்குள்ளும் மாட்டியிருந்த ஷூவைக் கழற்றவில்லை.

கூடம் நிறைந்தது. பெரியப்பா மகளான அக்கா மூக்கைச் சிந்திவிட்டுக் கேட்டாள்: "ஏன் தம்பி, நெஞ்சுவலின்னு சொல்ற. பூச்சி கடிச்சுத்தான் போனாள்னு வெளிய பேசிக்கிறாங்களே?"

"எவன் சொன்னான்? நம்ம வீட்டுல பூச்சியும் கிடையாது, புழுவும் கிடையாது."

சொல்லி வாய் மூடவில்லை. நாற்காலிக்கடியிலிருந்து பாய்ந்து வந்து அவர் காலருகே நின்றது அது. அவர் யோசிக்கவில்லை. ஷூவுக்கடியில் மெத்தென்று ஏதோ அமுங்கியது. அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

தங்கை மகள் ஒரு பிளாஸ்டிக் டப்பாவோடு வந்து அவர் காதோரம் கிசுகிசுத்தாள். "வேகக்காரியைக் காணோம் மாமா. அம்மா கடுகளவுல இருந்து வளர்த்தது. ஆஸ்பத்திரிக்குக் கிளம்புறப்பகூட அதுக்குத் தண்ணி வைக்கச் சொன்னாங்க. பார்த்தீங்களா?"

"இல்ல."

அவள் குனிந்து நாற்காலிகளுக்கடியில் தேடினாள்.

"இந்த நேரத்துல என்னடி தேடுற?" என்றாள் அக்கா.

அவள் மாமாவை ஒருமுறை பார்த்தாள். "தோடு கழண்டு விழுந்துடுச்சு பெரியம்மா."

சொல்லிக்கொண்டே கூந்தலை இரண்டு காதுக்கும் மேலே இழுத்துவிட்டுக்கொண்டாள். இரண்டிலும் தோடு இருந்ததை அவர் மட்டும் பார்த்தார்.

"ஐயோ, தங்கமாச்சே!" அக்கா எழுந்தாள். வந்தவர்கள் நாற்காலிகளை நகர்த்தி, ஆளுக்கொரு பக்கம் தரையைத் தடவினார்கள். நிமிர்ந்து நின்றது அவர் ஒருவர்தான்.

"அங்கதான் உருண்டிருக்கும். தம்பி, காலைக் கொஞ்சம் எடு."

அவர் அசையவில்லை. தங்கை மகள் தரையிலிருந்தபடியே அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு ஷூவை.

"அங்க இல்ல பெரியம்மா. நான் பார்த்துட்டேன்," என்றாள்.

கையிலிருந்த வெறும் டப்பாவை மூடினாள்.