ஈர நெஞ்சரின் மூக்கு

உலகில் தலைவர்கள் ஆயிரம் பேர் உண்டு. தம்மிடம் வேலை பார்த்தவர்களுக்காக மேடையில் கண்ணீர் விட்டவர் ஒருவர்தான். அவர் பொத்தான் தொழிற்சாலையின் மேலாளர். பதினோரு ஆண்டுகளாக எந்தப் பணிநிறைவு விழாவிலும் மூன்றாவது வாக்கியத்தை அவர் தாண்டியதில்லை. குரல் கம்மும், கண் சிவக்கும், கைக்குட்டை நனையும். 'ஈர நெஞ்சர்' என்று ஊழியர்கள் பட்டம் வைத்திருந்தார்கள். அதில் கேலி இருக்கலாம் என்று சந்தேகப்படும் அளவுக்கு அவர் கெட்டவர் அல்ல.

அந்த ஈரம் நெஞ்சிலிருந்து வரவில்லை, மூக்கிலிருந்து வந்தது என்று கண்டுபிடித்தவள் அவர் மனைவி. பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். அவளுக்கு அவர்மேல் ஒரு பழைய வழக்கு இருந்தது.

"எங்கப்பா போனப்ப உங்க கண்ணுல ஒரு சொட்டு வரல. போன வருஷம் டைப்பிஸ்ட் ரிடையர் ஆனதுக்கு மட்டும் மூணு கர்ச்சீப்!"

"உங்கப்பா போனது மழைக்காலம்மா. அப்ப எனக்கு உடம்பு நல்லா இருந்துச்சு."

சொன்ன பிறகுதான் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவள் எழுந்துபோய் நாட்காட்டியை எடுத்து வந்தாள்.

மூக்கு டாக்டரம்மா அதிகம் மெனக்கெடவில்லை. காலையில் அடுக்குத் தும்மல், கண் அரிப்பு, வருஷத்தில் ஆறே வாரம். தொழிற்சாலை வாசலில் வரிசையாக மரங்கள். அவை பூக்கும்போது நிறுத்திய வண்டிகளெல்லாம் மஞ்சள் பொடி பூசிக்கொள்ளும். நிதியாண்டுக் கடைசியும் அப்போதுதான். ஓய்வு பெறுகிறவர்களும் அப்போதுதான் பெறுவார்கள்.

"இது சோகம் இல்ல சார், மகரந்தம். ஸ்ப்ரே எழுதித் தரேன், தினம் அடிக்கணும். அடுத்த வருஷம் பூக்கிறதுக்கு ரெண்டு வாரம் முந்தியே ஆரம்பிச்சிடுங்க."

முதல் மூன்று நாள் அவர் எக்காளம் ஊதுகிறவரைப் போல் தலையை அண்ணாந்து அடித்தார். மருந்து நேரே தொண்டைக்குப் போனது. "மூக்குக்கு வாங்கினதை வயித்துக்கு ஊத்துறீங்களே! குனிங்க. வலது கையால இடது மூக்கு, இடது கையால வலது மூக்கு" என்று மனைவி பாடம் நடத்தினாள். காலையில் சன்னல் திறக்கக் கூடாது. வேலையிலிருந்து வந்ததும் தலைக்குக் குளித்து, சட்டையை மாற்றிய பிறகுதான் கட்டிலில் உட்காரலாம் என்று சட்டமும் போட்டாள்.

இரண்டு வாரத்தில் மேலாளருக்கு உலகம் திறந்தது. போன மாதம் மாற்றிய குளியலறைச் சோப்பு எலுமிச்சை மணம் என்பதே அவருக்குப் புதுச் செய்தி. புத்தகம், தலையணை, தீக்குச்சி என்று வீடு முழுக்க மோந்து திரிந்தார். மனைவியின் கூந்தலையும் மோந்தார். "சீ, போங்க! வயசான காலத்துல" என்றாளே தவிர, அவள் நகரவில்லை.

அந்த ஆனந்தத்தில்தான் ஸ்டோர் அக்காவின் பணிநிறைவு விழா வந்து விழுந்தது. முப்பது வருஷம் பொத்தான் கிடங்கைக் கட்டிக் காத்தவர்.

"அழலைன்னா என்னம்மா நினைப்பாங்க? கல்நெஞ்சன்னு சொல்லமாட்டாங்களா? இன்னிக்கு ஸ்ப்ரே வேண்டாம்."

"ஒரு வேளை விட்டா உடனே தும்மல் வந்துடுமா? போய்ப் பாருங்க."

எல்லாருக்கும் முன்னால் போய்ச் சேர்ந்தார். யாருமில்லாத வாசலில் ஒரு கிளையை வளைத்து, பூங்கொத்துக்குள் முகத்தைப் புதைத்து, பட்டப்பேரைக் காப்பாற்ற மூச்சை ஆழ இழுத்தார். ஒரே ஒரு தும்மல் வந்தது. அதுவும் அரைத் தும்மல்.

மேடையில் மூன்று வாக்கியம் முடிந்தது. கண் பாலைவனம். நான்காவது வாக்கியம் அவரிடம் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. நிமிர்ந்து பார்த்தார். பதினோரு ஆண்டில் முதல்முறையாகக் கூட்டத்தின் முகங்கள் தெளிவாகத் தெரிந்தன. அத்தனையும் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தன.

"ஒரு உண்மையச் சொல்லிடறேன்," என்றார். "எனக்கு அழுகை வரல. இத்தனை வருஷமும் வந்தது அழுகையே இல்ல."

மழைக்காலத்து மாமனார், தொண்டைக்குப் போன மருந்து, சோப்பு எல்லாவற்றையும் கொட்டினார். கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டது. ஸ்டோர் அக்கா எழுந்து, "நீங்க அழுது முடிக்கிறதுக்குள்ள வருஷா வருஷம் டீ ஆறிப்போகும் சார். என் விழாவுலதான் சூடா குடிக்கப்போறோம்!" என்றார். கைத்தட்டல் அடங்கவே இல்லை. மேலாளர் இன்னும் பன்னிரண்டு நிமிடம் பேசினார். எதைச் சொன்னாலும் சிரித்தார்கள். "வணக்கம்" என்று முடித்ததற்கும் சிரித்தார்கள். ஸ்டோர் அக்காவுக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

அன்று சீக்கிரமே வீட்டுக்கு வந்தவர் குளிக்கவும் மறந்து கூடத்தில் நடந்தார். "எனக்குள்ள இப்படி ஒரு நகைச்சுவைப் பேச்சாளன் இருந்திருக்கான்மா! வீணா அழுதே காலத்தை ஓட்டிட்டேன். அடுத்த வருஷம் அரை மணி நேரம் பேசலாம்னு இருக்கேன்."

மனைவி அவர் கைபேசியை எடுத்தாள். தொழிற்சாலையிலிருந்து வந்திருந்த விழாப் படங்களை விரலால் பெரிதாக்கிப் பார்த்தாள். பிறகு அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு மறுபடியும் படங்களை.

நாற்பத்திரண்டு படங்கள். எல்லாவற்றிலும் அவர் மூக்கு நுனி மஞ்சளாக இருந்தது.