ஏழாவது வரி

1

முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன்: இந்தக் கதை ஒரு திருட்டில் பிறந்தது. கண் பரிசோதனைக்குப் போனவன், வெளியே பெஞ்சில் உட்கார்ந்தபடி, உள்ளே ஒருவர் படித்த எழுத்துகளைக் காதில் வாங்கி மனப்பாடம் செய்துகொண்டேன். என் முறை வந்ததும் கடகடவென்று ஒப்பித்தேன். எனக்குக் கிடைத்தது தப்பான கண்ணாடியும் மூன்று வாரத் தலைவலியும். இதையே ஒரு பேருந்து ஓட்டுநர் செய்திருந்தால்?

2

ஆரம்பம், முதல் முயற்சி: ‘அவள் விழிகளில் நிலவொளி கரைந்து…’

(அடித்துவிட்டேன். அவளுக்கு நிலா ஒன்றரையாகத் தெரிகிறது. பிரச்சினையே அதுதான்.)

இரண்டாவது: பன்னிரண்டு வருஷமாகப் பேருந்து ஓட்டுகிறாள் அக்கா. பணிமனையில் எல்லோருக்கும் அக்கா, அவளைவிட மூத்த மெக்கானிக்குக்கும். சில மாதமாக எதிரே வரும் விளக்குகள் வால் முளைத்து நீள்கின்றன. வழித்தடப் பலகையில் மூன்று எது, எட்டு எது என்று தெரிவதில்லை. வெள்ளிக்கிழமைக்குள் கண் சான்றிதழ் தராவிட்டால் அலுவலக நாற்காலிக்கு மாற்றிவிடுவார்கள். நாற்காலி என்றாலே அவளுக்கு வேப்பங்காய்.

இது இருக்கட்டும்.

3

அவளும் திருடினாள். ஏழாவது வரிவரை பிசகாமல் ஒப்பித்தாள். அந்த வரி வந்தால்தான் சான்றிதழ். வந்த கண்ணாடியைப்* போட்டால் தரை சாய்ந்தது. நல்லவேளை, கண்ணாடி போட்டுப் பார்த்த பிறகுதான் சான்றிதழில் கையெழுத்து; அது இன்னும் பாக்கி.

“போகப்போகப் பழகிடும்” என்றார் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த கணவர்.

“எதுங்க பழகும்? நேத்து மரத்தை ஆளுன்னு நெனச்சு பிரேக் அடிச்சேன். நாளைக்கு ஆளை மரம்னு நெனச்சா?”

அவர் கத்தியைக் கீழே வைத்தார். (இந்த இடத்தில் அவருக்கு ஓர் அருமையான வசனம் எழுதியிருந்தேன். மனுஷனுக்கு ஒட்டவில்லை, எடுத்துவிட்டேன்.)

* அக்காவுக்கு இருப்பது ஆஸ்டிக்மாட்டிசம்: கருவிழியின் வளைவு எல்லாப் பக்கமும் ஒன்றுபோல் இல்லாத கோளாறு. கண்ணாடியில் பவரோடு கோணமும் சரியாக இருக்க வேண்டும். இயந்திரம் ஒரு கணக்குச் சொல்லும். முடிவு, உட்கார்ந்திருப்பவர் வாயில்.

4

வியாழக்கிழமை காலை மறுபடி போனாள்.

“போன தடவை நான் பாத்துப் படிக்கல. வெளிய கேட்டதை ஒப்பிச்சேன்.”

பரிசோதகர் அதட்டினார் என்று எழுதி, அடித்தேன். சிரித்தார் என்று எழுதி, அதையும் அடித்தேன். அவர் அட்டையை மாற்றினார்.

“நெறைய பேர் பண்றதுதான். இங்க மார்க் கிடையாது. தெரியலன்னா தெரியலன்னு சொல்லுங்க.” வில்லையைத் திருப்பினார். “மொதல்லதா, ரெண்டாவதா?”

“தெரியல.”

பள்ளிக்கூட நாளிலிருந்து அவள் வாயில் வராத சொல். சொல்லிவிட்டதும் தோள் லேசானது. அடுத்த முக்கால் மணி நேரத்தில் பத்து தடவையாவது அதைச் சொன்னாள். கோணம் ஒவ்வொரு சுற்றாக நகர்ந்து, கடைசியில் அட்டையில் விசிறிபோல் விரிந்த கோடுகள் எல்லாம் ஒரே கறுப்பில் நின்றன.

“இப்ப ஏழாவது வரி.”

“வரலன்னா வரலன்னே எழுதுங்க” என்றாள் அக்கா. “வந்தா நாளைக்குக் காலை வண்டி எடுப்பேன்.”

5

முடிவு ஒன்று: படித்துவிடுகிறாள். வெள்ளிக்கிழமை முதல் வண்டி அவளுடையது.

முடிவு இரண்டு: ஆறாவது வரியோடு நிற்கிறாள். வேப்பங்காய் நாற்காலி.

எனக்கு முதலாவதுதான் வேண்டும். அந்த வரியை அவள் காதில் ஓதிவிடக்கூட எனக்கு வாய் பரபரக்கிறது. ஆனால் நானே எழுதிய அட்டையை நானே சொல்லிக்கொடுத்தால், மறுபடி பெஞ்சுத் திருட்டுதானே? அவள் கைவிட்டதை நான் செய்ய மாட்டேன். நீங்கள் சொல்லுங்கள்: மொதல்லதா, ரெண்டாவதா? தெரியலன்னா தெரியலன்னு சொல்லலாம்.

அக்கா நமக்காகக் காத்திருக்கவில்லை. நாற்காலி நுனிக்கு வந்து, கண்ணைச் சுருக்காமல், ஏழாவது வரியின் முதல் எழுத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.