சுவரைப் பார்க்காத தாள்

“களஞ்சியம் நிறைஞ்சிருந்தா, அதை எதுக்குங்க படம் போட்டுச் சொல்லணும்?” என்று அவள் கேட்டாள்.

மேசைமேல் மரச்சட்டம் போட்ட போர்க்காலச் சுவரொட்டி ஒன்று கிடந்தது. எதிரி நாட்டுத் தளபதி கொழுத்த எலியாகி, களஞ்சியக் கதவிடுக்கில் வால் மாட்டித் தவிக்கிறான். கீழே கொட்டை எழுத்தில்: ‘நம் களஞ்சியம் நிறைந்திருக்கிறது. வதந்தி பேசாதே.’

“பஞ்சம்னு ஊரே பேசியிருக்கு. அதான் வாயை மூடச் சொல்றான்.”

“எடுத்ததுக்கெல்லாம் சந்தேகம். நமக்குக் கல்யாணம் ஆனதையாவது நம்புறியா?” என்றார் கணவர்.

“ரெண்டு பேர் கையெழுத்து இருக்கே. நம்பித் தொலைக்கணும்.”

“டீ குடிச்சிட்டு வந்து மிச்சச் சண்டையைப் போடறேன்” என்று சிரித்தபடி படியிறங்கினார். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை.

ஆவணக் காப்பகத்தில் அவருக்கு வாத்தியார் என்று பெயர், அவளுக்குப் பூதக்கண்ணாடி. ஒவ்வொரு தாளுக்கும் ஒருவர் குறிப்பட்டை எழுதுவார். இன்னொருவர் தாளோடு ஒப்பிட்டுப் பார்த்துக் கையெழுத்திடுவார். இருபத்திரண்டு வருஷமாக இவர் எழுதினால் அவள், அவள் எழுதினால் இவர்.

அவர் போன மூன்றாம் வாரம் அவள் வேலைக்குத் திரும்பியபோது, அவருடைய கடைசி அட்டை அவள் மேசையில் காத்திருந்தது.

‘எண் 2114. போரின் முதல் ஆண்டு. தெருச்சுவர்களில் ஒட்டப்பட்டது. மக்கள் பார்த்துச் சிரித்தார்கள்.’

அந்த மக்கள் யாரென்று அவளுக்குத் தெரியும். ஆறு வயதுப் பையனாக அப்பாவின் தோளில் உட்கார்ந்திருந்த அவள் கணவரும் அந்த அப்பாவும்தான். அதே வாரம் அப்பா போர்முனைக்குப் போனார், திரும்பவில்லை. வீட்டில் ஒரு புகைப்படம்கூடக் கிடையாது. எலியைப் பார்த்து அப்பா குலுங்கிச் சிரித்ததும், அந்தக் குலுக்கலில் தான் விழப்போனதும் மட்டுமே அவருக்கு மிச்சம். காய்ச்சல் வந்தால்கூட அதைத்தான் சொல்வார்.

பிரிவு அதிகாரி வந்தார். “மேடம், வாத்தியாரோட கடைசி அட்டை. கண்காட்சியில அப்படியே வெச்சுடலாம். நீங்க ஒரு கையெழுத்துப் போட்டா போதும்.”

“சட்டத்தைக் கழட்டாம எப்படி சார்?”

‘முதல்ல முதுகைப் பார்’ என்று எல்லோரையும் விரட்டியவர் வாத்தியார்தான். இந்த ஒரு தாளுக்கு மட்டும் முதுகைப் பார்க்காமல் எழுதியிருந்தார்.

காப்பகத்து பைண்டர் சட்டத்தின் ஆணிகளைப் பிடுங்கித் தாளைத் திருப்பினார்.

“அக்கா, இது சுவத்தையே பார்க்காத தாள். பசை இல்ல, சுண்ணாம்பு இல்ல. என் முதுகுகூட இவ்வளவு சுத்தமா இருக்காது.”

சட்டத்துக்காகப் பின்னால் மடித்திருந்த கீழ்விளிம்பை அவர் விரித்தார். பொடி எழுத்தில் அச்சகக் குறி: போரின் மூன்றாம் ஆண்டு, இரண்டாம் மாதம். அவள் கண்ணாடி வைத்து மூன்று முறை படித்தாள். அப்போது அந்த அப்பா போய் இரண்டு வருஷம் ஆகியிருக்கும்.

வீட்டில் அவள் நின்றுகொண்டே சாப்பிட்டாள். அவரோடு மனத்துக்குள் சண்டை போட்டுப் பார்த்தாள். தன் பேச்சு கடகடவென்று வந்தது. அவர் பக்கத்தைத்தான் அவளால் சரியாகப் பேச முடியவில்லை. கையெழுத்துப் போட்டால் இல்லாத ஒன்று சாட்சியாகிவிடும். போடாவிட்டால் அவரிடமிருந்து அப்பாவைப் பிடுங்கியது போலாகும். ‘நீயா?’ என்று அவர் கேட்பது மட்டும் கேட்டது.

மறுநாள் காலை புது அட்டை எடுத்தாள்.

‘மூன்றாம் ஆண்டு அச்சு. இந்தப் பிரதி ஒட்டப்படவில்லை. மற்றவை பற்றித் தெரியாது. பஞ்சப் பேச்சை அரசு அடக்க விரும்பியதற்குச் சான்று. மக்கள் என்ன நினைத்தார்கள் என்பதற்கு இது சான்றல்ல.’

பழைய அட்டையை அவள் கிழிக்கவில்லை. உறையில் போட்டு, மேலே எழுதினாள்: ‘நினைவு. சொன்னவருக்கு அன்று ஆறு வயது. வேறு படமாக இருக்கலாம். தந்தையோடு சேர்ந்து சிரித்ததாகச் சொன்னார். கடைசிவரை மாற்றிச் சொல்லவில்லை.’ உறையைத் தாளோடு அதே பெட்டியில் வைத்தாள்.

“ரெண்டாவது கையெழுத்து நான் போடட்டுமா அக்கா?” என்றார் பைண்டர்.

“படத்தை அட்டையோட ஒப்பிட்டுப் பார்த்தியா?”

“முதுகை மட்டும்தான்.”

“அப்ப வேண்டாம்.”

இரண்டாவது கையெழுத்துக்கான இடம் காலியாகவே இருந்தது. அட்டை மாறினாலும் தாளின் எண் அதேதான்: 2114.