சும்மா வந்த சிவப்புப் பொடி

டைல்ஸ் கடை வைத்திருந்த மூத்த மாப்பிள்ளை, குடும்பத்தோடு சாப்பிடப் போன லெபனான் உணவகத்தில், வாயில் ரொட்டி இருக்கும்போதே நாற்காலியைவிட்டு எழும்பி, கூரையில் இரண்டு காலையும் ஊன்றித் தலைகீழாக நின்றுவிட்டார். அன்று வெள்ளிக்கிழமை என்பதால் கூட்டம் அதிகம். பக்கத்து மேசைக்காரர்கள் ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு, ஆறிப்போவதற்குள் கபாபை முடிக்கக் குனிந்துகொண்டார்கள்.

அந்த வீட்டில் அவருக்கு இருந்த மதிப்பைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். மாமனார் தனக்குப் பனியன் எடுப்பதென்றாலும் மாப்பிள்ளையைக் கேட்டுத்தான் எடுப்பார். அவர் பேச வாயெடுத்தால் மாமியார் ஓடுகிற மிக்ஸியை நிறுத்திவிடுவார். மச்சினனோ, மாமா சிரிப்பதற்குச் சற்று முன்னாலேயே சிரித்துவிடப் பழகியிருந்தான். இத்தனைக்கும் டைல்ஸ் உட்பட எந்த விஷயத்தையும் அந்த மனிதர் முழுதாகத் தெரிந்துகொண்டது கிடையாது. அவருக்குத் தலைக்கனம் அதிகம், கால் தரையில் பாவுவதில்லை என்று கடையில் வேலை செய்பவர்கள் முணுமுணுப்பார்கள். அது வெறும் பேச்சு என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள்.

விருந்துக்குக் காரணம் அவர் மனைவி. அவள் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவள். வேறு ஊரில் புதிதாகத் திறக்கும் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே பிரிவு முழுவதையும் அவளிடம் ஒப்படைப்பதாகச் சொல்லியிருந்தார்கள்; மறுநாள் அவள் பதில் சொல்லியாக வேண்டும். அவள் போகக்கூடாது, இருக்கிற வேலையையும் விட்டுவிட வேண்டும் என்று இவர் முடிவு செய்துவிட்டார். வீட்டில் சொன்னால் அது உத்தரவு, விருந்து வைத்துச் சொன்னால் பெருந்தன்மை. அந்த அளவுக்குத்தான் அவர் மூளை ஓடும்.

செல்போனில் ஒரே ஒரு வீடியோ பார்த்துவிட்டு வந்து, எல்லோருக்கும் வேண்டியதை அவரே வரவழைத்தார். ஹம்முஸ் என்ற கொண்டைக்கடலை மசியலின் நடுவில் ருசிக்கென்று ஊற்றியிருந்த ஆலிவ் எண்ணெயை வடித்துக் கொண்டுவரச் சொன்னார். தப்பூலே என்று பச்சை இலைகளைப் பொடிப்பொடியாக நறுக்கி வைத்ததை, வேக வைக்க மறந்துவிட்டார்கள் என்று திருப்பி அனுப்பினார். நல்லவேளை மாப்பிள்ளை கவனித்தார் என்று மாமனார் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். அப்போதுதான் வெங்காயத்தின் மேல் தூவியிருந்த சிவப்புப் பொடி மாப்பிள்ளையின் கண்ணில் பட்டது. அது என்ன என்று கேட்டார். சுமாக் என்றார் பரிமாறுபவர்.

"சும்மாவா? அப்ப இன்னும் ரெண்டு கிண்ணம் கொண்டு வாங்க."

"சும்மா இல்ல சார். சுமாக். அந்தப் பொடியோட பேரு."

"அதத்தான்யா நானும் சொல்றேன். சும்மா குடுக்கறதுக்கு என்ன இவ்வளவு யோசனை?"

பரிமாறுபவர் கொண்டுவந்து வைத்துவிட்டார். அங்கே ரொட்டி பந்துபோல உப்பித்தான் வரும். மற்றவர்கள் அதைக் கிழித்து ஆவி போனபின் தின்றார்கள். இவர் பொடியை மேலே குவித்து, காற்றோடு சேர்த்து முழுசாகத் திணித்தார். புளிப்பில் கண் இடுங்கியது, காது சிவந்தது, ஆனாலும் சும்மா கிடைப்பதை விட மனம் வரவில்லை. கடைசிக் கிண்ணம் காலியானபோது உடம்பின் கனம் மொத்தமும் போய்விட்டது. தலைக்கனம் மட்டும் போகவில்லை. ஆகவே கால்கள் மேலே போயின, தலை கீழே தங்கி, உட்கார்ந்திருந்தவர்களின் முகத்துக்கு நேராகத் தொங்கியது.

மாமனார் மரியாதைக்கு எழுந்து நின்றார். மாமா எதைச் செய்தாலும் காரணம் இருக்கும் என்றான் மச்சினன். மாப்பிள்ளைக்கு அங்கே ஏசி காற்று வருகிறதா என்று மாமியார் கவலைப்பட்டார். மூவரும் அவர் முகத்தை நேராகப் பார்ப்பதற்காகத் தங்கள் தலையைத் திருகிச் சாய்த்துக்கொண்டார்கள். தொங்கியபடியே அவர் மனைவியிடம், "நாளைக்கு முடியாதுன்னு சொல்லிடு. இருக்கற வேலையும் வேண்டாம்" என்றார். மாமனார் உடனே, "அதான் மாப்பிள்ளையே சொல்லிட்டாருல்ல" என்றார்.

அவள் தலையைச் சாய்க்கவில்லை. கல்யாணமான நாளிலிருந்து அவளை அடக்கி வைத்தது அவருடைய சொல் அல்ல. சொல்லும்போது உதட்டின் இரு ஓரமும் கீழே வளையும் அந்த இளக்காரம். அந்த வளைவுக்குப் பயந்து அவள் விட்டுக்கொடுத்தவை ஏராளம். இப்போது எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பதுபோல நிதானமாகப் பார்த்தாள். தலைகீழாகத் தொங்கிய முகத்தில் ஓரங்கள் மேல்நோக்கி வளைந்திருந்தன.

"சிரிச்ச முகமாத்தான் சொல்றாரு. அப்ப போகச் சொல்றாருன்னுதானே அர்த்தம்" என்று சொல்லிவிட்டு, ஒரு ரொட்டியைக் கிழித்துச் சூடு ஆறும்முன் தின்றாள். யாருக்கும் பரிமாறாமல் அவள் சாப்பிட்டது அன்றுதான். மறுநாள் சம்மதம் சொன்னாள், வாரக் கடைசியில் அந்த ஊருக்குப் போய்விட்டாள்.

அவரை இழுத்துப் பார்த்தார்கள். சட்டைக் காலர்தான் கையோடு வந்தது. மாமனார் சில மாதம் தினமும் வந்து யோசனை கேட்டார், பிறகு கழுத்து சுளுக்கிக்கொண்டதால் வருவதை நிறுத்திவிட்டார். மச்சினன் டைல்ஸ் கடையில் உட்கார்ந்தான். அங்கே இருப்பவர்கள் இப்போது அவன் சிரிப்பதற்கு முன்னாலேயே சிரிக்கிறார்கள். உணவகத்தில் கீழே இருந்த மேசையை எடுத்துவிட்டுச் செடித்தொட்டி வைத்தார்கள். வேளாவேளைக்கு ரொட்டி ஊட்டினார்கள். அவரும் வருகிறவர்களிடமெல்லாம் ஹம்முஸ் எண்ணெயைப் பற்றிக் குறை சொல்லிக்கொண்டுதான் இருந்தார். யாரும் வடிக்கச் சொல்லவில்லை. ஒவ்வொரு விடுமுறைக்கும் அவள் வந்து பக்கத்து மேசையில் சாப்பிட்டுவிட்டுப் போனாள்.

சில வருடம் கழித்துக் கூரைக்கு வர்ணம் அடிக்கும் வேலை வந்தது. காலில் மணல் மூட்டை கட்டினால் ஆளைத் திருப்பி இறக்கிவிடலாம் என்று வர்ணக்காரர் சொன்னாராம். அவள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது பரிமாறுபவர் வந்து, இறக்கிவிடலாமா அம்மா என்று கேட்டார். அவள் திரும்பிப் பார்த்தாள். தொங்கிக்கொண்டிருந்தவர் உதட்டை வளைத்தார். நல்ல சிரிப்பாகத் தெரிந்தது.

"சும்மாதானே இருக்காரு. இருக்கட்டும்."

வர்ணக்காரர் அவருடைய ஷூ பதிந்திருந்த இடத்தை மட்டும் விட்டுவிட்டு, மற்ற இடத்துக்கெல்லாம் இரண்டு கோட்டிங் அடித்தார்.